தாயுமானவர் துணி அலசினாரா?

அம்மா ஒருநாளும் எச்சில் பாத்திரத்தைத் தொட்டியில் போட்டுவிட்டுப் படுத்ததில்லை. அப்படிப் படுத்தால் மூதேவி வந்து குடியேறுவாள் என்பது அவர் மாமியார் சொல்லிக்கொடுத்தது. பால் பாத்திரம் தனி, கவுச்சிச் சட்டி தனி, சாப்பிட்ட தட்டு தனி. தேய்க்கிற நாரும் தனித்தனி. வாளியில் தண்ணீர் பிடித்துவைத்து, சபீனா போட்டுத் தேய்த்து, மூன்று தண்ணீரில் அலசி, கடைசியில் தொட்டியையும் கழுவிவிட்டுத்தான் முந்தானையில் கை துடைப்பார். அப்பா எல்லாவற்றையும் ஒன்றாக ஊறப்போடுவார். விடிந்தபிறகு ரேடியோவில் செய்தி கேட்டபடி, குழாயைத் திறந்துவிட்டு, ஒரே நாரில் ஒரே மூச்சில் முடிப்பார். தொழிற்சாலையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு மணிக்கட்டு வலி வந்த பிறகுதான் தொட்டிப் பக்கம் வந்தார். வந்தவர் இன்றுவரை விடவில்லை.

“அழுக்குன்னா அழுக்கு. எண்ணெய் போகணும், பிசுக்கு போகணும், அவ்வளவுதான். இதுல எச்சில் என்ன, பால் என்ன?” என்பார் அப்பா. “எண்ணெய் போச்சுங்க. எச்சில் போகலை” என்பார் அம்மா. உறையூர் வீட்டில் நான் வளர்ந்ததே இந்த வாக்குவாதத்துக்கு நடுவில்தான்.

இதை வெறும் வீட்டுச் சண்டையாக என்னால் எடுத்துக்கொள்ள முடிந்ததில்லை. அசுத்தம் என்பது பொருளில் ஒட்டியிருக்கிறதா, நம் எண்ணத்தில் இருக்கிறதா என்று சாத்திரம் படித்தவர்கள் கேட்கும் கேள்விதான் அந்தத் தொட்டியருகே நடந்தது. இதே இரண்டு பேர் பிள்ளைப்பேற்றைப் பற்றிப் பேசும்போது கேள்வி இன்னும் கூர்மையாகிவிடும்.

அண்ணன் பிறந்தது லால்குடிக்குப் பக்கத்தில், அம்மா பிறந்த ஊரில், வீட்டிலேயே. கொல்லைப்பக்க அறையில் கோரைப்பாய், தலைமாட்டில் இரும்புத் துண்டு, வாசலில் வேப்பிலை. பதினாறு நாள் தீட்டு. அம்மா அடுப்படிக்கு வரக்கூடாது, பானையைத் தொடக்கூடாது, சாமி அறைப் பக்கம் தலைகாட்டக்கூடாது. தட்டும் தம்ளரும் தனி. இதை எங்களிடம் சொல்லும்போது அம்மாவின் முகத்தில் வருத்தம் இருக்காது. “பதினாறு நாளும் ஒரு பாத்திரம் தொடலை. ஆத்தா பிள்ளைபெத்த மருந்தை இடிச்சு, வெல்லம் போட்டு, நல்லெண்ணெய் விட்டுக் கிண்டி உருட்டிக் கொண்டாந்து வாயில போடும். தூங்குனேன். என் ஆயுசுல அப்படித் தூங்குனதே இல்ல.” சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் என்று அந்த மருந்தின் சாமான்களை இன்றும் வரிசை மாறாமல் சொல்வார்.

நான் பிறந்தது ஆஸ்பத்திரியில். அதற்குள் பாட்டி காலமாகிவிட்டார். அம்மா நேராக உறையூர் வாடகை வீட்டுக்கு வந்தார். அப்பா ‘விடுதலை’ படித்து வளர்ந்தவர். தீட்டும் கிடையாது, ஒன்றும் கிடையாது என்று தெருவுக்கே சொன்னார். சொன்னபடியே நடந்தார்: பிறந்த அன்றே என்னைத் தூக்கினார், அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டார், அக்கம்பக்கத்தார் முகம் சுளித்ததைப் பொருட்படுத்தவில்லை. இன்றும் அதைப் பெருமையோடு சொல்வார். அது பெருமைப்பட வேண்டிய காரியம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அம்மாவின் நினைவில் அந்த வாரம் வேறு மாதிரி இருக்கிறது. “தீட்டு இல்லேன்னுட்டாரு உங்கப்பா. அஞ்சாம் நாள் தையலோட குத்துக்காலிட்டு உக்காந்து பாத்திரம் தேய்ச்சேன்.” இருவரும் பொய் சொல்லவில்லை. விதியை எடுத்தவர் அப்பா. அந்த விதிக்குள் ஒளிந்திருந்த வேலையை அப்போது அவர் எடுக்கவில்லை, அப்படி ஒன்று இருப்பதே அவர் கண்ணில் படவில்லை.

இதைக் கேட்டதும், “பார்த்தீர்களா, நம் முன்னோர் பெண்ணுக்கு ஓய்வு கொடுக்கத்தான் தீட்டு வைத்தார்கள்” என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பதினாறு நாளும் துணி தானாகத் துவைந்துவிடவில்லை. பிரசவம் பார்த்தவர் ஊர் மருத்துவச்சி. பழைய கிராமங்களில் பெரும்பாலும் முடிதிருத்தும் குடும்பத்துப் பெண்கள்தான் இந்த வேலையைச் செய்தார்கள். ரத்தத் துணியைக் கொல்லை வழியாக வந்து மூட்டையாகக் கட்டி எடுத்துப்போனவர் வண்ணார் வீட்டு அம்மாள். வெளுத்த மாத்துத் துணி கொண்டுவந்து கொடுத்தவரும் அவரே. கூலியாக முறத்தில் நெல்லும், வெற்றிலை பாக்கும், ஒரு பழைய சேலையும். “அவ இல்லேன்னா நான் ஏது?” என்பார் அம்மா. அந்த அம்மாள் வீட்டுக்குள் கால் வைத்ததில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்வார். என் அம்மாவின் தீட்டு பதினாறாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் கழிந்தது. துணி எடுத்துப்போனவருக்குக் கழிகிற நாள் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் ஒன்று இல்லை.

அதனால்தான் அசுத்தம் பொருளிலா மனத்திலா என்ற கேள்வியே பாதிக் கேள்வி என்று நினைக்கிறேன். யார் கை அதைத் தொட வேண்டும் என்பது மீதிப் பாதி. நம் சமயம் அதை அறியாமலில்லை. அறுபத்துமூவரில் காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத் தொண்டர் ஒரு வண்ணார். அடியார்களின் அழுக்குத் துணியை வெளுத்துக் கொடுத்ததுதான் அவருடைய பூசை. குளிர் காலத்தில் கந்தல் கட்டிய கிழவராகச் சிவன் வருகிறார், பொழுது சாய்வதற்குள் வேண்டும் என்று சொல்லித் துணியைக் கொடுக்கிறார். மழை பிடித்துக்கொள்கிறது, துணி காயவில்லை. அடியாருக்குத் தந்த வாக்குத் தவறியதே என்று தொண்டர் துவைகல்லில் தலையை மோத, கல்லிலிருந்து கை நீண்டு தடுக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இதைப் பாடிவைத்தார். அழுக்கெடுக்கும் கை கடவுளே பிடித்துத் தடுக்கும் அளவுக்கு உயர்ந்தது என்று ஒரு காவியமே சொன்ன பிறகும், லால்குடிப் பக்கத்தில் அந்த அம்மாள் கொல்லையிலேயே நின்றார். கதையைக் கேட்டுக் கண்ணீர் விட்டவர்கள்தான் கொல்லைக் கதவைச் சாத்தினார்கள். என்னால் தாங்க முடியாதது இதுதான்.

எங்கள் ஊர் மலைக்கோட்டைச் சாமியின் கதை இன்னும் ஒருபடி உள்ளே போகிறது. ரத்தினாவதி என்ற பெண்ணுக்கு நிறைமாதம். பூம்புகாரிலிருந்து பிரசவம் பார்க்க வந்துகொண்டிருந்த தாய், காவிரியில் வெள்ளம் என்பதால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். வலி எடுத்துவிட்டது. சிவன் அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்க்கிறார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வரும்வரை கூடவே இருக்கிறார். இரண்டு தாய்களும் நேருக்கு நேர் நின்றபோது மறைகிறார். அதனால் தாயுமானவர் என்று பெயர். சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டு வாழைத்தார் கொண்டுவரும் பெண்களை இன்றும் அந்தச் சன்னதியில் பார்க்கலாம்.

வெள்ளம் வடியும்வரை கூடவே இருந்தார் என்பதில்தான் என் மனம் நிற்கும். பெற்றெடுக்க வைத்துவிட்டு மறைந்திருந்தால் அது அற்புதம். பிறகும் இருந்தாரே, அந்த நாட்களில் என்ன செய்தார்? பிள்ளை பெற்றவள் வீட்டில் தாய்க்கு என்ன வேலை இருக்கும் என்று எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். வெந்நீர் வைக்க வேண்டும், மருந்து இடிக்க வேண்டும், குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும், பத்தியச் சட்டியைக் கழுவ வேண்டும், துணி அலச வேண்டும்.

இந்தக் கதையிலும் அப்பாவும் அம்மாவும் எதிரெதிர்தான். “சாமியே பிரசவ அறைக்குள்ள போயிட்டாரு. அப்புறம் என்ன தீட்டு? உங்க சாமியே என் கட்சி” என்பார் அப்பா. அம்மா விடமாட்டார். “அவர் அம்மாவாத்தானே வந்தாரு? ஆம்பளையா வந்திருந்தா உள்ள விட்டிருப்பாங்களா? முறை தெரிஞ்ச சாமி.” நான் ஒருமுறை, “துணியெல்லாம் யாரும்மா அலசியிருப்பா?” என்று கேட்டேன். கேள்வியே விநோதமாக இருந்திருக்க வேண்டும். “வேற யாரு, அவரேதான். ஆத்தான்னு வந்துட்டா அதையும் செய்யத்தானே வேணும்” என்றார். தீட்டு இல்லை என்று அந்தச் சாமி யாருக்கும் உபதேசம் செய்யவில்லை, வேலையைச் செய்தார். அப்பா எடுத்த விதிக்கும் அம்மா காத்த விதிக்கும் இடையில் எங்கள் வீட்டில் காணாமல் போனது அதுதான்.

காந்தியும் கஸ்தூரிபாவும் டர்பனில் வாழ்ந்த நாட்களைச் சத்திய சோதனையில் படிக்கும்போது எனக்கு எங்கள் வீடு நினைவுக்கு வந்தது. வீட்டில் தங்கியிருந்த குமாஸ்தாக்களின் சிறுநீர்க் கலயங்களைக் கணவனும் மனைவியும் சுத்தம் செய்வது வழக்கம். 1898-இல், பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர் ஒருவரின் கலயத்தை எடுக்கக் கஸ்தூரிபாவுக்கு மனம் ஒப்பவில்லை. அழுதுகொண்டே எடுத்தார். எடுத்தால் போதாது, முகமலர்ச்சியோடு எடுக்க வேண்டும் என்று காந்தி சத்தம் போட்டார். சண்டை முற்றி, மனைவியின் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துக்கொண்டு போனார். தாய் தகப்பன் இல்லாத ஊரில் நான் எங்கே போவேன் என்று அந்த அம்மையார் கேட்டார். காந்தி இதை வெட்கத்தோடு எழுதியிருக்கிறார். 1900-இல் மகன் தேவதாஸ் பிறந்தபோது டாக்டரும் கிடைக்கவில்லை, மருத்துவச்சியும் வந்துசேரவில்லை; முன்பே பிரசவ நூல் ஒன்றைக் கவனமாகப் படித்துவைத்திருந்த காந்தியே பிரசவம் பார்த்தார். கொள்கையில் காந்தி சரி, கஸ்தூரிபாவின் அருவருப்பு தவறு; அந்தக் குமாஸ்தாவின் பக்கம் நின்று பார்த்தால் வேறு தீர்ப்புக்கு இடமே இல்லை. ஆனாலும் இன்னொருத்தியின் கையைப் பிடித்து இழுத்த காந்தியைவிடத் தன் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிய காந்தியையே நான் நம்புகிறேன்.

இப்போது தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவம் அரிது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான். எத்தனையோ தாய்கள் அதனால் பிழைத்தார்கள். வண்ணார் வீட்டு அம்மாள் கொல்லையில் வந்து நிற்கத் தேவையில்லை. அவர் எடுத்த துணியை வார்டில் நீல நிறப் புடவை கட்டிய ஒப்பந்தப் பணியாளர் எடுக்கிறார். அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வீடு திரும்புகிற குடும்பங்கள் எத்தனை இருக்கும்? தீட்டில் நம்பிக்கை போய்விட்டது என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் இதைத்தான் கேட்கத் தோன்றுகிறது.

வருகிற தை மாதம் அண்ணன் மகளுக்குப் பிரசவம். தீட்டுக் காக்க வேண்டுமா, வேண்டாமா என்று வீட்டில் இரண்டு கட்சி இப்போதே கிளம்பிவிட்டது. நான் மூன்றாவதாக ஒரு கோரிக்கை வைத்தேன். அவள் நாற்பது நாள் பாத்திரம் தொடக்கூடாது, அது ஓய்வுக்காக. சாமி அறைக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம். துணி அவள் புருஷன் பொறுப்பு, மெஷினில் போட்டாலும் முதலில் கையால் அலசித்தான் போட வேண்டும். மாப்பிள்ளை தயங்காமல் தலையாட்டினார். அம்மாவுக்குச் சாமி அறை விஷயத்தில் சம்மதமில்லை, அதைச் சொல்லியும்விட்டார். துணி விஷயத்தில் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

“தம்பி, ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணிதான். வெந்நீர் ஊத்திப்புடாதீங்க, கறை பிடிச்சுக்கும். உப்புப் போட்டு ஊற வச்சுட்டு அப்புறம் சோப்புப் போடுங்க.”