முதுகின் காலக்கணக்கு

நாற்பதைக் கடந்த ஒருவர் எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போதே இரண்டு அறிவுரைகள் அவருக்காகக் காத்திருக்கின்றன. ‘இனிமே வெயிட்டே தூக்கக் கூடாது’ என்பது ஒன்று. வீட்டிலும் உறவிலும் இதைத்தான் சொல்வார்கள். மருத்துவர்கள் சிலரும் சொல்வார்கள். ‘பெல்ட் போட்டுக்கிட்டுத் தூக்குங்க சார், ஒண்ணும் ஆகாது’ என்பது மற்றொன்று. இது ஜிம்மில் கிடைப்பது. இரண்டுமே அக்கறையோடு சொல்லப்படுபவைதாம். ஆனால் முதலாவதை அப்படியே பின்பற்றியவர் அறுபது வயதில் மாடிப்படி ஏறக் கைப்பிடி தேடுகிறார். இரண்டாவதை நம்பியவர் சில மாதங்களிலேயே மறுபடியும் ஸ்கேன் எடுக்கப் போகிறார்.

அறிக்கையில் இருப்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான வரிதான். கீழ்முதுகில் ஐந்து எலும்புகள். அவற்றில் நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவிலோ, ஐந்தாவதற்கும் அதன் கீழுள்ள திரிக எலும்புக்கும் நடுவிலோ டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று எழுதியிருக்கும். ஊர்ப் பேச்சில் ‘ஜவ்வு விலகிடுச்சு’ என்பார்கள். படித்ததும் நெஞ்சு கனத்துப்போகும். அந்த நேரத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி உண்டு. 1994-இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். எல்லா டிஸ்க்கும் சரியாக இருந்தவர்கள் 36 விழுக்காட்டினர் மட்டுமே. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஓரிடத்திலாவது டிஸ்க் புடைத்திருந்தது. ஆனாலும் அவர்களுக்கு வலி இல்லை. படத்தில் தெரிவது முழுக் கதை ஆகாது. நரம்பை அழுத்தும் பெரிய பிதுக்கங்கள்கூடப் பலருக்கு மாதங்கள் செல்லச் செல்லத் தாமாகவே சுருங்கிவிடுகின்றன. வெளியே வந்த பகுதியை உடலே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துவிடுகிறது.

அப்படியானால் பயப்பட வேண்டியதே இல்லையா? பயப்பட வேண்டியவையும் உண்டு. பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போனால், சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை மீறினால், இரண்டு கால்களும் ஒருசேர வலுவிழந்தால் அது அவசரநிலை. காலைவரை காத்திருக்காமல் அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடியாமல் செருப்பு தரையில் இழுபட்டாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இவற்றைத் தெரிந்துவைத்துக்கொண்டு, மற்ற வலிகளைப் பொறுமையோடு பார்க்கலாம்.

டிஸ்க் எப்படிப்பட்ட உறுப்பு என்று தெரிந்தால் அந்தப் பொறுமை ஏன் வேண்டும் என்பது விளங்கும். வளர்ந்த மனிதரின் டிஸ்க்கினுள் இரத்தக் குழாய்கள் கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்புகளின் முகப்பு வழியாகக் கசிந்து வரும் சத்தில்தான் அது உயிர்வாழ்கிறது. அழுத்தம் கூடும்போது நீரை வெளியே விட்டு, குறையும்போது பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்கிறது. நரம்புகளும் பெரும்பாலும் அதன் வெளிவளையத்தில் மட்டுமே உண்டு. ஆகவே உள்ளே நடப்பதை அது உடனுக்குடன் சொல்வதில்லை. தசையின் கதை வேறு. அதற்கு இரத்தம் தாராளமாகக் கிடைக்கிறது. நான்கைந்து வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தால் கூடுதல் எடை தூக்கும் திறன் வந்துவிடுகிறது. டிஸ்க்கின் நார்கள் புதுப்பிக்கப்படவோ ஆண்டுகள் ஆகின்றன. கிழிந்த இடத்தில் உருவாகும் தழும்பும் பழைய நாரின் உறுதியைப் பெறுவதில்லை.

நடுவயதில் எடை தூக்கத் திரும்புகிறவர்களின் சிக்கல் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. மூன்றாவது மாதம் தொடையும் தோளும் தயாராகிவிட்டன. பாரில் இன்னொரு தட்டு ஏற்றலாம் என்று கை பரபரக்கிறது. அந்த நம்பிக்கை பொய்யில்லை. தசை உண்மையைத்தான் சொல்கிறது. ஆனால் அது தன் சார்பில் மட்டுமே பேசுகிறது, டிஸ்க்கின் சார்பில் பேச அதற்கு உரிமை இல்லை. வேகமாகத் தேறியது, மெதுவாகத் தேறுவதற்காகக் காத்திருக்க வேண்டும். குடும்பத்தில் நாம் இதைச் செய்கிறோம். கூட நடக்கும் வயதான அப்பாவுக்காக நடையைக் குறைத்துக்கொள்கிறோம், அதை இழப்பாக நினைப்பதில்லை. தன் உடலுக்குள்ளேயே இருக்கும் மெதுவான உறுப்புக்கு அந்த மரியாதையைக் கொடுக்கத்தான் மனம் வருவதில்லை.

அதற்காகப் பயிற்சியையே விட்டுவிடுவதா? அதுவும் முதுகுக்குச் செய்யும் நன்மையாகாது. வலி வந்தால் கட்டாந்தரையில் பாய் விரித்து வாரக்கணக்கில் படுத்திரு என்பது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். மருத்துவமும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னது. ஹெல்சிங்கியில் திடீர் முதுகுவலி வந்தவர்களை மூன்று பிரிவாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 1995-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் இரண்டு நாள் படுக்கையில் இருந்தார்கள். ஒரு பிரிவினர் முதுகுப் பயிற்சி செய்தார்கள். மூன்றாம் பிரிவினர் வலி அனுமதித்த அளவுக்கு அன்றாட வேலைகளைப் பார்த்தார்கள். இந்த மூன்றாம் பிரிவினரே மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். இன்னொன்றும் உண்டு. முதுகெலும்பை ஒட்டி ஓடும் ஆழ்ந்த தசை வலி வந்த பக்கத்தில் மெலிந்துபோகிறது. வலி நின்ற பிறகும் அது தானாகப் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை என்று ஆஸ்திரேலியாவின் ஜூலி ஹைட்ஸும் அவருடைய குழுவினரும் 1996-இல் காட்டினார்கள். ஆக, வலி போய்விட்டது என்பதற்காக முதுகு சரியாகிவிட்டது என்று பொருளில்லை.

முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு தசை கரைகிறது. வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பெரியவர்கள் அனைவருக்கும் சொல்கிறது. தவிர, ‘வெயிட் தூக்காதே’ என்ற கட்டளையை வாழ்க்கை மதிப்பதில்லை. நிறைந்த கேஸ் சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ, தண்ணீர் கேன் 20 கிலோ, அரிசி மூட்டை 25 கிலோ. வண்டியை நடு ஸ்டாண்டில் போட வேண்டும், பேருந்தில் பெட்டியை மேலே ஏற்ற வேண்டும், படுக்கையில் இருக்கும் அம்மாவைத் தூக்கி உட்காரவைக்க வேண்டும். இவற்றுக்கு வார்ம் அப் கிடையாது, செட் கணக்கு கிடையாது. பெண்கள் இவற்றைத்தான் ஆயுள் முழுவதும் தூக்குகிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேய்கிற அவர்களுக்கு எடைப் பயிற்சி ஆண்களுக்குத் தேவைப்படும் அளவுக்காவது தேவை. ஆனால் நாற்பத்தெட்டு வயதுப் பெண் இடுப்பு வலியோடு ஜிம்முக்குப் போகிறேன் என்றால் வீடு சிரிக்கிறது. அதே பெண் ஈரத் துணி வாளியை இரண்டு மாடி தூக்கிப் போகும்போது யாரும் தடுப்பதில்லை.

தூக்கத்தான் வேண்டும் என்றால் எதில் தொடங்குவது? குனிவதிலிருந்து. ஒரு துடைப்பக் குச்சியை முதுகோடு சேர்த்துப் பிடித்தால் தலையின் பின்புறம், நடுமுதுகு, இடுப்புக்குக் கீழே என மூன்று இடங்களில் தொடும். அந்த மூன்றும் விலகாமல், இடுப்பு மூட்டிலிருந்து மடங்கிக் குனிந்து நிமிரக் கற்றுக்கொள்வது முதல் பாடம். வெறும் குச்சியோடு இதைச் சலிக்காமல் செய்யும் பணிவு வராதவர் பாரைத் தொடாமல் இருப்பது நல்லது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பின் இயக்கவியலை நெடுங்காலம் ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் மூன்று எளிய பயிற்சிகளை முன்வைத்தார். கீழ்முதுகின் வளைவை மாற்றாமல் தலையையும் தோளையும் சற்றே உயர்த்துவது. பக்கவாட்டில் முழங்கையூன்றி உடலை நேராகப் பிடிப்பது. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிய நிலையில் எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. பார்க்க ஒன்றுமில்லாதவை போலத் தோன்றும். நடுமுதுகு அசையாமல் இவற்றைச் செய்து பார்த்தால்தான் அருமை தெரியும்.

பிறகு எடை. தரையிலிருந்தே டெட்லிஃப்ட் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பாரை முழங்கால் உயரத்தில் கட்டை வைத்து ஏற்றிக்கொள்ளலாம். தோளில் பாரைச் சுமக்கும் ஸ்குவாட்டுக்குப் பதில் ஒரு டம்பெல்லை நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்து எழலாம். ஒரு காலை முன்வைத்து ஒவ்வொரு காலாக வேலை வாங்கினால், பாதி எடையிலேயே தொடை களைத்துவிடும், முதுகு தப்பிக்கும். ஒரு கையில் மட்டும் எடையைப் பிடித்து நிமிர்ந்து நடப்பதும் மிக நல்லது. கைவிட வேண்டியவையும் உண்டு: காலை நீட்டிக் கட்டைவிரலைத் தொடுவது, வேகவேகமாக எழும் சிட்-அப், இன்று அதிகபட்சம் எவ்வளவு முடியும் என்ற சோதனை.

நேரமும் கணக்கில் வர வேண்டும். இரவில் படுத்திருக்கும்போது டிஸ்க் நீரேறி உப்புகிறது. அதனால்தான் காலையில் நாம் ஓரிரு சென்டிமீட்டர் உயரமாக இருக்கிறோம். அந்நிலையில் குனிந்தால் டிஸ்க்கின் மேல் விழும் இழுவிசை பகலில் விழுவதைவிடப் பல மடங்கு. எழுந்த முதல் மணி நேரத்திலேயே கூடுதல் உயரத்தில் பாதி குறைந்துவிடுகிறது. காலையில் குனிவதைத் தவிர்க்கச் சொன்னதிலேயே நாள்பட்ட முதுகுவலி குறைந்ததை 1998-இல் வந்த ஓர் ஆய்வு கண்டது. நம் ஊரில் நாலரைக்கு எழுந்து ஐந்துக்கு ஜிம்மில் நிற்பது பெரிய ஒழுக்கமாகப் போற்றப்படுகிறது. டிஸ்க் அடிபட்டவர் அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க வேண்டும். எழுந்ததும் ஒரு மணி நேரம் நடக்கட்டும், வாசல் கூட்டாமல் இருக்கட்டும். எடை மாலைக்கு இருக்கட்டும்.

சரியாகப் போகிறதா என்பதற்கு அடையாளம் என்ன? தூக்கும் கணத்தில் வலிக்கவில்லை என்பது போதாது. மறுநாள் காலை கட்டிலிலிருந்து எழும்போது முதுகு எப்படி இருக்கிறது, காலுறை போட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். வலி எந்தப் பக்கம் நகர்கிறது என்பதும் முக்கியம். பாதத்திலிருந்தோ கெண்டைக்காலிலிருந்தோ இடுப்பை நோக்கி ஏறிச் சுருங்கினால், இடுப்பில் சற்றுக் கூடியிருந்தாலும்கூட, அது நல்ல குறி. நியூசிலாந்தின் இயன்முறை மருத்துவர் ராபின் மெக்கென்சி 1950-களிலேயே கவனித்தது இது. இடுப்பிலிருந்து இறங்கிக் காலுக்குப் பரவினால் எடையைக் குறைக்க வேண்டும் அல்லது அந்தப் பயிற்சியையே மாற்ற வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தவர்களும் தவறுவது ஏன்? என் கணிப்பில், காரணம் அறியாமை அல்ல. இருபத்தெட்டு வயதில் தூக்கிய எடை மனத்தில் எண்ணாகப் பதிந்திருக்கிறது. அதற்குக் கீழே நிற்பது தாழ்வாகப் படுகிறது. ரோனி கோல்மன் 1998 முதல் 2005 வரை தொடர்ந்து எட்டு முறை மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வென்றவர், 363 கிலோவைத் தோளில் ஏற்றி ஸ்குவாட் செய்தவர். பின்னர் முதுகில் பலமுறை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ஊன்றுகோலோடு நடக்கும் நிலைக்கு வந்தார். அது அவர் தேர்ந்துகொண்ட தொழில். உலகின் உச்சியைத் தொட்டதற்கு அவர் கொடுத்த விலை. குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டு, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டு, பெற்றோரைப் பார்த்துக்கொண்டு இருப்பவர் அந்த விலையை எதற்காகக் கொடுக்க வேண்டும்? அவருடைய முதுகை நம்பி நான்கைந்து பேர் இருக்கிறார்கள். அவருக்குக் கிடைக்கப்போகும் பட்டம் ஒன்றுமில்லை.

ஜிம் நடத்துகிறவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. சேரும்போது பெயர், வயது, உயரம், எடை எழுதிக்கொள்கிறார்கள், ஆறு மாதக் கட்டணத்துக்குத் தள்ளுபடி சொல்கிறார்கள். முன்பு முதுகில் அடிபட்டதுண்டா, வலி காலுக்கு இறங்குமா, கால் மரத்துப்போகுமா, எந்த வேலை செய்தால் வலி கூடுகிறது, இயன்முறை மருத்துவரைப் பார்த்தீர்களா என்ற ஐந்து கேள்விகளைக் கேட்க இரண்டு நிமிடம் போதும். நாற்பதைக் கடந்த எவரையும் இந்தக் கேள்விகள் இல்லாமல் பாரின் அருகே நிறுத்தக் கூடாது. கேட்காத இடத்தில் சேருகிறவர் தாமே முன்வந்து சொல்ல வேண்டும். பக்கத்தில் இருபது வயதுப் பையன்கள் நிற்கிறார்கள் என்பதற்காகக் குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை. கேட்டுவிட்டு எடையைக் குறைத்துத் தரும் மாஸ்டரிடம் தங்கலாம். சிரித்துக்கொண்டே இன்னொரு தட்டு ஏற்றுகிறவரிடம், கட்டிய பணம் போனாலும் சரி, மறுநாள் போகக் கூடாது.