கேட்டவர் பட்ட கடன்

2021 ஆகஸ்ட் 9 அன்று, தமிழ்நாட்டின் நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன் மாநில நிதிநிலை குறித்து வெள்ளை அறிக்கை வெளியிட்டார். பல பக்கங்கள் கொண்ட அந்த அறிக்கையில் டீக்கடை பெஞ்சு வரை போய்ச் சேர்ந்தது ஒரே ஓர் எண்தான்: குடும்பம் ஒன்றின் தலையில் 2,63,976 ரூபாய் கடன். வீட்டுக்கடன் வாங்கியவருக்குக் கையெழுத்துப் போட்ட நாள் நினைவிருக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் நகை வைத்தவரிடம் ரசீது இருக்கும். இந்தக் கடனுக்கு எந்தக் குடும்பமும் கையெழுத்துப் போடவில்லை. வட்டி மட்டும் அவர்கள் கட்டும் வரியிலிருந்து ஆண்டுதோறும் போய்க்கொண்டிருக்கிறது. ஒருவர் பெயரில் செலவு செய்கிறவர் அவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டுமா? கேட்டுவிட்டால், அதன்பின் கேட்டவருக்கு என்ன கடமை வந்து சேர்கிறது? முதல் கேள்விக்கு ஓரளவு எளிதாக விடை சொல்லிவிடலாம். பட்ஜெட்டுக்கு முன் கருத்துக் கேட்கும் அரசுகள் வழுக்குவது இரண்டாவதில்.

சட்டப்படி பார்த்தால் கேட்க வேண்டிய கட்டாயமே இல்லை. அரசியலமைப்பின் 202ஆம் பிரிவு ஆண்டு நிதிநிலை அறிக்கையைச் சட்டமன்றத்தின் முன் வைக்கச் சொல்கிறது. ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்கச் சொல்லவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த 234 பேர் அவையில் இருக்கும்போது தனியாக ஒரு கருத்துக்கேட்பு எதற்கு என்ற வாதம் லேசானதல்ல. ஆனால் வாக்கு என்பது ஐந்தாண்டுக்கு ஒருமுறை மொத்தமாகக் கொடுக்கும் குத்தகை. மகளிர் உரிமைத் தொகைக்காக ஒரு கட்சியின் சின்னத்தை அழுத்தியவர், அதன் மதுக்கடைக் கொள்கைக்கும் சேர்த்தே சம்மதம் தந்ததாகக் கணக்காகிவிடுகிறது. பட்ஜெட்டோ ஒவ்வொன்றையும் மற்றொன்றோடு எடைபோடும் வேலை. 2021இல் பெட்ரோல் மீதான மாநில வரி லிட்டருக்கு 3 ரூபாய் குறைக்கப்பட்டபோது ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று அரசே சொன்னது. 2023 செப்டம்பர் 15இல் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை தொடங்கியபோது, பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு 12,720 கோடி. இரண்டுமே வரவேற்கப்பட்டன. இரண்டையும் ஒரே தாளில் எழுதி, இதற்குப் பதிலாக வேறு என்ன செய்திருக்கலாம் என்று குடும்பத் தலைவியிடமோ பைக்கில் வேலைக்குப் போகிறவரிடமோ யாரும் காட்டவில்லை. வரியைக் குறை என்பவரும் ஊருக்குப் பாலம் கட்டு என்பவரும் ஒரே ஆள்தான் என்று அதிகாரிகள் சலித்துக்கொள்வது உண்டு. ஒரே தாளில் பார்க்காதவர் வேறு எப்படிக் கேட்பார்?

ஆகவே கேட்பவரின் முதல் கடமை, கையில் உள்ளது எவ்வளவு என்பதைச் சொல்லிவிட்டுக் கேட்பது. மாநில அரசின் கை அகலமானதல்ல. 2017 ஜூலை 1 முதல் பெரும்பாலான பொருள்களின் வரிவிகிதம் ஜி.எஸ்.டி. மன்றத்தில் முடிவாகிறது. மாநிலம் தானாகத் திருப்பக்கூடிய குழாய்கள் எரிபொருள், மது, பத்திரப்பதிவு, வாகனம் என்று ஒரு சிலதான். மத்திய வரிகளில் மாநிலங்களுக்குப் பிரித்துக்கொடுப்பதில் தமிழ்நாட்டின் பங்கை 15ஆம் நிதிக்குழு 4.079 சதவீதம் என்று நிர்ணயித்தது. செலவுப் பக்கத்தில் சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் ஆகியவை பெரும்பகுதியைக் கொண்டுபோன பிறகு மிஞ்சுவதில்தான் புதிதாக எதையும் தொடங்க முடியும். இவ்வளவையும் மறைத்துவிட்டு "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்பது, பிள்ளையை ஜவுளிக்கடைக்கு அழைத்துப்போய் எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, பில் போடும் இடத்தில் கையைப் பிசைவது போன்றது. அடுத்த தீபாவளிக்கு அந்தப் பிள்ளை கடைக்கு வராது.

இந்த வரிசையை மாற்றிக் காட்டிய அரசு பக்கத்திலேயே இருக்கிறது. கேரளம் 1996 ஆகஸ்ட் 17இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு என்று முதலில் ஒதுக்கிவைத்தது. கிராமசபைகளைக் கூட்டி என்ன வேண்டும் என்று கேட்டது அதற்குப் பிறகு. மேசைமேல் பணம் இருந்ததால் கேள்விக்கு எடை இருந்தது. இந்தக் கிணற்றைத் தூர்வாரினால் அந்தச் சாலை நிற்கும் என்பது கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கே தெரிந்தது. பின்னாளில் அந்தக் கிராமசபைகளும் வீடு, ஆடு, மாடு யாருக்குக் கிடைக்கும் என்ற பயனாளிப் பட்டியலுக்காக வருவோரின் கூட்டமாக மெலிந்தன என்பதும் உண்மை. தங்கள் பேச்சால் எது மாறுமோ அதற்கு மக்கள் வருகிறார்கள். அதைக் குறையாகச் சொல்ல ஒன்றுமில்லை.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது. மே மாத வெயிலில் பள்ளிக்கூடத்து மரத்தடியிலோ சமுதாயக் கூடத்திலோ ஷாமியானா கட்டியிருப்பார்கள். நூறு நாள் வேலைப் பெண்கள் முன்னால் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஊராட்சியின் வரவு செலவு பிளக்ஸ் பேனரில் தொங்கும். செயலர் படிவம் 30ஐ எடுத்து, மோட்டார் பழுதுக்கு இவ்வளவு, தெருவிளக்குக்கு இவ்வளவு, குளோரின் பவுடருக்கு இவ்வளவு என்று மூச்சுவிடாமல் வாசிப்பார். போன மாதம் முழுக்க ஓடாத மோட்டாருக்கு எதற்கு இவ்வளவு என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தால், செயலரோ தலைவரோ ஏதாவது சொல்லியாக வேண்டும். சொல்வது சமாளிப்பாகவே இருந்தாலும், கேட்டவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இதே கூட்டம் டாஸ்மாக்கை மூடச் சொல்லியோ இன்னொரு பேருந்து விடச் சொல்லியோ போடும் தீர்மானம் தீர்மானப் புத்தகத்தில் ஏறி மேலே போகிறது. அது என்ன ஆனது என்று அடுத்த கூட்டத்தில் பெரும்பாலும் யாரும் வாசிப்பதில்லை. பதில் சொல்லும் பழக்கம் மாநில அரசின் வாசலில் அறுந்துபோகிறது.

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989இல் பட்ஜெட்டை மக்கள் கூட்டங்களில் முடிவுசெய்யத் தொடங்கிய கதை உலகெங்கும் சொல்லப்படுகிறது. அதில் அதிகம் பேசப்படாதது தொடக்க ஆண்டுகளின் தோல்வி. முதலீட்டுக்குப் பணமே இல்லாத நகராட்சி எல்லோரையும் கேட்டது, கேட்டவை நடக்கவில்லை, கூட்டம் கரைந்தது. சொத்துவரியைச் சீர்செய்து, வேலைகளைத் தொடங்கி, எந்தப் பகுதியில் எந்த வேலை என்று முதலீட்டுத் திட்டத்தை ஆண்டுதோறும் அச்சிட்டுக் கொடுத்த பிறகே மக்கள் திரும்பினார்கள். அந்த நகரின் மேயராக இருந்த ஒலிவியோ டுட்ரா 1999இல் ரியோ கிராண்டே டோ சுல் மாநில ஆளுநரானதும் இதே முறையை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். சட்டமன்றத்தின் வேலையைத் தெருக்கூட்டம் பிடுங்குகிறது என்று எதிர்க்கட்சிகள் பாய்ந்தன. 2002 மாநிலத் தேர்தலில் டுட்ராவின் கட்சி தோற்றது, முறையும் மாறியது. அந்த எதிர்ப்பில் வெறும் அரசியல் மட்டும் இருந்ததாகச் சொல்ல முடியாது. கூட்டத்துக்கு வந்தவரை வராதவர் தேர்ந்தெடுக்கவில்லை. அவரைப் பதவியிலிருந்து இறக்கவும் வழியில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. அங்கே 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி நிதியமைச்சர் முதலில் கலந்தாய்வு அறிக்கை வெளியிட வேண்டும். பிறகு கேட்பது அமைச்சர் அல்ல, எல்லாக் கட்சியினரும் உள்ள சட்டமன்றக் குழு. அண்மை ஆண்டுகளில் பேச வருபவருக்கு ஐந்து நிமிடம், உறுப்பினர்களின் கேள்விகளுக்கு இன்னும் சில நிமிடம். குழுவின் பரிந்துரை அச்சில் வருகிறது. அமைச்சர் அதை ஏற்கக் கட்டுப்பட்டவர் அல்லர். முடிவு தேர்ந்தெடுக்கப்பட்டவர் கையிலேயே இருக்கிறது, கேட்டதும் அவையின் ஏட்டில் நிற்கிறது. ஆனாலும் ஒரு இடம் அங்கேயும் காலியாகத்தான் கிடக்கிறது: மறுத்ததற்கு ஏன் மறுத்தோம் என்று வரிவரியாகச் சொல்லும் கடமை.

கருத்துக்கேட்பை மறுப்பவர்களின் வலுவான வாதம் வேறு. யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள் என்பார்கள். வணிகர் சங்கமும் தொழிற்கூட்டமைப்பும் தட்டச்சுச் செய்த கோரிக்கை மனுவோடு காரில் வந்து இறங்கும். கட்டடத் தொழிலாளி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரமாட்டார். திருப்பூரில் தையல் எந்திரத்தின் முன் இருக்கும் பீகார்க்காரர் சோப்பு வாங்கும்போது வரி கட்டுகிறார். அவருக்கு இங்கே வாக்கும் இல்லை, கூட்டத்துக்கு அழைப்பும் இல்லை. இன்று வாங்கும் பத்திரக் கடன்களை இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து அடைக்கப்போகிறவர்களில் பலர் இன்னும் பிறக்கவே இல்லை. இது உண்மை. ஆனால் கேட்பதை நிறுத்திவிட்டால் வணிகர் சங்கம் பேசுவதை நிறுத்திவிடாது. கதவைச் சாத்திக்கொண்டு பேசும். மற்றவர்கள்தான் வெளியே நிற்பார்கள். இந்த வாதம் உண்மையில் உணர்த்துவது, கருத்துக்கேட்பைத் தலை எண்ணும் வேலையாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பது. ஆயிரம் மனுக்கள் ஒன்றைக் கேட்பதால் அது நியாயமாகிவிடாது. ஒரே ஒருவர் சொன்ன காரணத்துக்கு அரசிடம் மறுமொழி இல்லையென்றால், அந்த ஒருவர் போதும். காரணத்தைக் காரணத்தால் எதிர்கொள்ளும்போதுதான், வர முடியாதவர்களின் நலனையும் அரசு தன் வாயால் எடுத்துச் சொல்ல வேண்டிவரும்: நீங்கள் கேட்கும் வரிவிலக்கை உங்கள் பேரன் தலையில் கடனாக ஏற்ற முடியாது என்று.

பட்ஜெட் ரகசியம் என்ற பழைய சமாதானம் இனி செல்லாது. இரவோடு இரவாக விலை ஏறிவிடும் என்று சரக்கைப் பதுக்கிய காலத்து அச்சம் அது. வரிவிகிதங்களில் பெரும்பகுதி ஜி.எஸ்.டி. மன்றத்துக்குப் போன பிறகு மறைத்து வைக்க மிச்சமிருப்பது கொஞ்சம். இத்தனை பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியுமா என்பது நிர்வாகத்தின் கேள்வி, அதில் நியாயம் உண்டு. ஆனால் கோரிக்கைகள் ஆயிரம் இருந்தாலும் அவற்றின் வகைகள் சில டஜனைத் தாண்டாது. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் முதியோர் ஓய்வூதியத்துக்காக மூதாட்டி கொடுக்கும் மனுவுக்குக்கூட ஒரு எண் உண்டு; எத்தனை கோணலாக இருந்தாலும் ஒரு நாள் ஒரு பதிலும் வரும். மாநிலத்தின் முழுப் பணத்தைப் பற்றி அழைத்துக் கேட்டு வாங்கிய யோசனைக்கு அந்த எண்கூட இல்லை. மறுத்ததை வெளிப்படையாகச் சொன்னால் தேர்தலில் அடிவிழும் என்பதுதான் சொல்லப்படாத காரணம். விழலாம். சம்மதத்தின் தோற்றத்தை மட்டும் மக்களிடம் வாங்கிக்கொண்டு அதற்கான விலையைத் தராமல் போவது, வெள்ளை அறிக்கையில் ஏறாத இன்னொரு கடன்.

மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றை அவையில் வைக்கிறது. வழவழத் தாளில், வண்ணப் படங்களோடு, செய்தவற்றின் பட்டியல் பக்கம் பக்கமாக இருக்கும். அதன் கடைசியில் நான்கு பக்கம் கூடுதலாகச் சேர்க்கலாம்: இந்த ஆண்டு எங்களிடம் கேட்கப்பட்டவை இவை, ஏற்றவை இவை, மறுத்தவை இவை, மறுத்ததற்குக் காரணம் இது. படங்கள் வேண்டாம்.