புல்லும் பொய்ப்புல்லும்

ஜோகூர் பாருவிலும் அதனைச் சூழ்ந்த தாமான்களிலும் வீடுகளின் முன்முற்றங்களில் இப்பொழுது ஒரு மாறுதல் நிகழ்ந்து வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன் பதித்த சிமெண்டுக் கற்களைப் பெயர்த்தெடுத்துவிட்டு, அவ்விடத்தில் பிளாஸ்டிக்கால் ஆன செயற்கைப் புல்லை விரிக்கின்றனர். முற்றம் அவரவர் சொந்தம், அதில் கல்லைப் பதிப்பதும் பாயை விரிப்பதும் அவரவர் விருப்பம், இதில் ஆராய என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். ஒருவன் தன் வாசலில் எதை வைத்துக்கொள்ள விரும்புகிறான் என்பது, அவன் எதை மதிக்கிறான் என்பதையும் காட்டும். ஆதலின் இதனையும் சிறிது ஆராய்தல் தகும் என்றே நாம் கருதுகிறோம்.

கல்லை நீக்குவோர் கூறும் காரணம் வெறும் சாக்கு அன்று. ஜோகூரில் மழைக்குக் குறைவில்லை. கல்லிடுக்கில் பாசி படர்கிறது. அருகிலுள்ள மரத்தின் வேர் கல்லைத் தூக்கிவிடுகிறது. விடியற்காலையில் வாசலுக்கு வரும் முதியோர் வழுக்கி விழுந்து படுக்கையாகிவிடுகின்றனர். பழையது என்ற ஒன்றுக்காகவே ஒரு பொருளைக் கட்டிக்கொண்டு அழுபவர் அல்லோம் நாம். புல்லைக் கொன்று பிளாஸ்டிக்கை விரிக்கிறார்களே என்று இவர்கள்மேல் குற்றம் சாட்டுவோரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். புல் அன்றே செத்துவிட்டது. அதைக் கொன்றது கல்.

ஆகவே கேள்வி வேறு. வழுக்காத தரைதான் வேண்டுமெனில் சொரசொரப்பான ஓடு உண்டு, சரளை உண்டு, ரப்பர் விரிப்பும் உண்டு. இவற்றுள் எதுவும் தன்னைப் புல் என்று சொல்லிக்கொள்வதில்லை. கல் கல்லாகவே கிடந்தது. அதற்குப் பதிலாக வருவது மட்டும் ஏன் புல்லின் வேடம் பூண்டு வரவேண்டும்?

செயற்கைப் பொருள் என்பதாலேயே அதனை இகழ்வது அறியாமை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965இல் கூரையிட்ட பெரிய விளையாட்டரங்கு ஒன்றைத் திறந்தனர். கூரையின் வழியே வந்த வெயில் ஆட்டக்காரர்களின் கண்ணைக் கூசச் செய்தமையால் கூரைக்குச் சாயம் பூசினர். ஒளியின்றி உள்ளே இருந்த புல் மடிந்தது. அதன் பின்னரே, 1966இல், பிளாஸ்டிக் புல் அங்கு விரிக்கப்பட்டது. புல் வளர இயலாத இடத்தில் அது வந்தது. அங்கே அதற்கு ஒரு நியாயம் இருந்தது.

ஹாக்கியின் கதை நமக்கு இன்னும் நெருங்கியது. 1975இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில், இயற்கைப் புல்தரையில், இந்தியா வாகை சூடியது. மலேசியா நான்காம் இடம் பெற்றது. மறு ஆண்டு மொன்றியால் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரை. இந்தியாவுக்கு ஏழாம் இடம். மலேசியாவுக்கு எட்டாம் இடம். தோல்விக்குத் தரை ஒன்றே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் ஹாக்கி உலகம் பழைய தரைக்குத் திரும்பவில்லை. 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் பந்து நன்றாகத் தெரியவேண்டும் என்று அத்தரையை நீல நிறத்திலேயே அமைத்தார்கள். 2011 முதல் ஜோகூரிலேயே ஜோகூர் சுல்தான் கோப்பைக்கு இளைஞர்கள் செயற்கைத் தரையில்தான் ஆடி வருகின்றனர். நீலப் புல் எந்நாட்டிலும் முளைப்பதில்லை! வேலைக்கு வந்த அப்பொருள், வேலை கற்றுக்கொண்ட பிறகு வேடத்தைக் களைந்துவிட்டது. நம் முற்றத்தில் அது வேடத்திற்காகவே வாங்கப்படுகிறது.

"இதனால் ஏமாறுபவர் யார்? பக்கத்து வீட்டாருக்கும் அது பிளாஸ்டிக் என்று தெரியுமே" என்பர். உண்மை, அயலார் ஏமாறுவதில்லை. ஏமாறுவது நம்முடைய வேட்கை. பசுமையைக் காணவேண்டும் என்ற வேட்கை மனிதனுக்கு இயல்பானது. அது நிறைவேறாத வரையில் ஒரு தொட்டியையாவது வாங்கி ஒரு செடியையாவது நடத் தூண்டிக்கொண்டே இருக்கும். பச்சை நிறத்தைக் காட்டி அதனை உறங்கவைத்துவிட்டால் பிறகு எதுவும் நடப்படாது. பசித்தவனுக்குச் சோற்றின் படத்தைக் காட்டினால் அவன் பசி தீராது. கண்ணின் பசியோ படத்தாலேயே தீர்ந்துவிடுகிறது.

புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று வகுத்தது தொல்காப்பியம்; அவ்வறிவு தொடுதலை உணரும் அறிவு. இன்றைய தாவரநூலார் இதனை வேறு சொற்களால் சொல்வர், அது கிடக்க. நாம் புல்லில் கால் வைக்கும்போது புல்லும் நம்மை ஏதோ ஒரு வகையில் அறிகிறது, மிதித்த இடத்தில் தேய்கிறது, விட்ட இடத்தில் தழைக்கிறது என்ற உறவு அவ்வகுப்பில் அடங்கியிருக்கிறது. பிளாஸ்டிக் இழைக்கு நாம் நடந்தாலும் ஒன்று, நடவாவிட்டாலும் ஒன்று. நண்பகலில் அது காலைச் சுடும் என்பதே அது நமக்குச் சொல்லும் ஒரே செய்தி.

நிற்க. புல்லின்பால் நம்மவருக்கு உள்ள வெறுப்புக்கு ஒரு வரலாறு உண்டு. ஜோகூரின் ரப்பர்த் தோட்டங்களுக்கு நம் முன்னோரைக் கொண்டுவந்தபோது, அவர்களுக்கு இட்ட வேலைகளுள் ஒன்று புல்வெட்டு. மரங்களுக்கு இடையே ஒரு துரும்பும் முளைக்கலாகாது என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத் துரைமாரின் கட்டளை. லாலாங் புல்லை வேரோடு கெல்லி எறிந்த கைகளில் பெண்களின் கைகளும் இருந்தன. மொட்டையான சரிவுகளில் மழை விழுந்து மேல்மண் ஆற்றோடு போயிற்று. பிற்காலத்தில் அத்துரைமாரே தம் கொள்கையைக் கைவிட்டு, அவரையினக் கொடிகளைப் படரவிட்டு மண்ணை மூடினர். அதற்கும் பின்னர் மண்வெட்டியின் இடத்தில் களைக்கொல்லி வந்தது. முதுகில் தெளிப்பானைச் சுமந்தவர்களுள் பெண்களே மிகுதி. அவற்றுள் கொடியதான பாராகுவாட்டை மலேசியா தடைசெய்தது 2020இல்தான்.

அத்தோட்டங்களை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பத்தில், பாட்டியின் முதுகு வலியைக் கண்டு வளர்ந்த பேரன், "எனக்குப் புல்லும் வேண்டாம், புல்வெட்டும் வேண்டாம்" என்று சொன்னால், அவனைக் கடிந்துகொள்ள எவருக்கு வாய் வரும்? நமக்கு வராது. ஆயினும் ஒரு துரும்பும் முளையாத தரையே அழகிய தரை என்ற எண்ணம் அவன் பாட்டியினுடையது அன்று. அவளை வேலை வாங்கியவனுடையது. துரை போய்விட்டான்; துரையின் கண் மட்டும் நம் முகத்தில் தங்கிவிட்டது.

வேலையே இராது என்று விற்பவர் சொல்வதும் முழு உண்மை அன்று. விழுந்த சருகைப் பொறுக்கவேண்டும். படுத்த இழைகளைச் சீவி நிமிர்த்தவேண்டும். நாய் வளர்ப்போர் நாள்தோறும் கழுவவேண்டும். நிழலான இடத்தில் பிளாஸ்டிக்கின்மேலும் பாசி பிடிக்கும். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வெளுத்துப்போன சுருளை எங்கே கொட்டுவது என்பதை விலைச்சீட்டில் எவரும் எழுதுவதில்லை.

கல்லைப் பெயர்த்த அன்று, ஜல்லித்தூளைக் கொட்டி நிரவுவதற்கு முன், மண் சிறிது நேரம் திறந்து கிடக்கும். வேலையாட்கள் தேநீர் குடிக்கப் போகும் அந்த நேரத்தில் வீட்டுக்காரர் வேலியோரமாக ஒரு முழ அகலத்தை அளந்து, கயிறு கட்டி, இவ்வளவை விட்டுவிடுங்கள் என்று சொல்லலாம். முதியவர் நடக்கும் வழி எப்படியும் நடுவில்தான் இருக்கிறது. அந்த ஒரு முழத்தில் கறிவேப்பிலை வரும், பாண்டான் வரும், எதையும் நடாவிட்டால் புல்லே வரும்.