சமாசனமும் சமநீதியும்

நீதி யாதென்பதை மாணாக்கன் முதலில் அறிவது நூலினாலன்று. வகுப்பிலே தனக்கும் பிறர்க்கும் அளிக்கப்படும் இடத்தினாலேயாம். யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றில் ஒருகாலத்திலே உயர்குலத்தார் பிள்ளைகள் வாங்கிலும், ஒடுக்கப்பட்டார் பிள்ளைகள் நிலத்திலும் இருந்தனர். உதவி பெறும் பாடசாலைகளிற் சமாசனம் விதிக்கப்பட்டபோது, 1930ஆம் ஆண்டளவில் எதிர்ப்பு மூண்டு, சில பாடசாலைகள் தீக்கிரையாயின.

இது சைவநெறியோ? திருக்கோணமலையைப் பதிகத்தாற் போற்றிய திருஞானசம்பந்தர் திருநீலகண்ட யாழ்ப்பாணரை உடன்கொண்டு சென்றார். அந்தணராகிய திருநீலநக்கர் தம் மனையில் வேதிகையின் அருகே அப்பாணர்க்கு இடமளித்தார் என்பது பெரியபுராண வரலாறு.

இனித் திருகோணமலைத் துறைமுக மாவட்டத்தை நோக்குவாம். ஈண்டுத் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்னும் மூவகையாரும் வாழ்கின்றனர். 2012ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி எவ்வகையாரும் பாதித்தொகையினர் அல்லர். பிள்ளைகளோ பெரும்பாலும் மொழியாலும் சமயத்தாலும் பிரிந்த பாடசாலைகளிலே கற்கின்றனர். அன்று அயலான் நிலத்தில் இருந்தான். இன்று அவன் வகுப்பிலேயே இல்லை. ஆதலின் வாங்குகளைச் சமமாக்குதல் மாத்திரம் போதாது.

அற்றேல், நமக்கு நேர்ந்த அநீதியை மறத்தல் வேண்டுமோ எனின், வேண்டா. 2006ஆம் ஆண்டு சனவரி 2ஆந் திகதி இந்நகர்க் கடற்கரையிலே தமிழ் மாணவர் ஐவர் கொல்லப்பட்டமை மறக்கற்பாலதன்று. 1985இல் அநுராதபுரத்திலே சிங்களப் பொதுமக்கள் கொல்லப்பட்டமையும், 1990இல் வடக்கினின்றும் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டமையும் அவ்வாறே மறக்கற்பாலனவல்ல.

தம்மவர் துயரை உரைக்குங் குரலிலேயே ஏனையோர் துயரையும் உரைக்கும் ஆசிரியர், வகுப்பில் இல்லாத பிள்ளைக்கும் அங்கே இடமளித்தவராவர். இக்காலத்துச் சமாசனம் அதுவேயாம்.