செம்பும் களிம்பும்

யாழ்ப்பாணத்துச் சைவ மக்களின் வாழ்வில் கோயிலும் கல்வியும் இரு கண்களாகவே போற்றப்பட்டு வந்துள்ளன. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 ஆம் ஆண்டில் திருநெல்வேலியில் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்திலேயே 1974 இல் யாழ்ப்பாண வளாகம் ஆரம்பிக்கப்பட்டது. இன்றும் பல்கலைக்கழகத்தின் உள்ளே பரமேஸ்வரன் ஆலயம் விளங்குகின்றது. பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்ததும் பெற்றோர் அருச்சனைத் தட்டோடு முதலில் நாடி வருவதும் ஊர்க்கோயிலையே.

ஆயின் அதே பிள்ளை முதலாம் வருடப் பரீட்சையிற் தவறிவிட்டால், கோயிலுக்கு வருவதே குறைந்துவிடுகின்றது. “தம்பி, இப்ப எத்தினையாம் வருஷம்?” என்று தேரடியில் யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற அச்சம். வீட்டிலும் உண்மை சொல்லப்படுவதில்லை. பரீட்சையிற் தவறுவது ஒழுக்கக் குறைபாடா? தவறியவன் மீண்டும் வழிக்கு வருவது எவ்வாறு? இவை சிந்திக்கத்தக்க வினாக்களாகும்.

உயர்தரம் வரை தமிழிற் பயின்ற பிள்ளை, மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் போன்ற பீடங்களில் ஆங்கிலத்திலேயே கற்க நேர்கின்றது. ரியூசனிற் கிடைத்த குறிப்புகளையும் கடந்தகால வினாத்தாள்களையும் மனனஞ் செய்து வென்றவனுக்கு, நூலகத்தில் தானே தேடிக் கற்கும் முறை புதிது. இவை அவன் குற்றமல்ல. விரிவுரைக்குச் செல்லாமல் விடுதியில் உறங்கியதும், “பிறகு பார்ப்போம்” என்று தள்ளிப்போட்டதும் அவன் பங்காகும். இரண்டையும் பிரித்தறிவதே மீட்சியின் முதற்படி.

கணிதமேதை இராமானுஜனின் வாழ்வு இங்கு நினைக்கத்தக்கது. 1887 இற் பிறந்த அவர், நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் பேரன்பு பூண்டவர். கணிதத்திலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் புலமைப்பரிசிலை இழந்தார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் தேர்ச்சி பெறவில்லை. ஆயினும் தம் கணிதக் குறிப்பேடுகளை அவர் மறைத்து வைக்கவில்லை. அறிந்தோரைத் தேடிச் சென்று காட்டினார். 1912 இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுதுவினைஞரானார். 1913 இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1918 இல் றோயல் சங்கத்தின் உறுப்பினரானார். தவறிய மாணவர் எல்லோரும் இராமானுஜன் ஆகிவிட முடியாது. ஆனால் தோல்விக்குப் பின்னும் வெட்கத்தை விட்டு உதவி கேட்பது எவர்க்கும் இயலும்.

ஆணவ மலம் ஆன்மாவின் அறிவை மறைக்குமேயன்றி அழிப்பதில்லை என்று சைவசித்தாந்தம் கூறும். செம்பில் உள்ள களிம்பு அதற்கு உவமை. களிம்பேறிய செம்பை எவரும் எறிந்துவிடுவதில்லை. புளியிட்டுத் தேய்த்துப் பூசைக்கு எடுப்பர். “எனக்கு எல்லாம் தெரியும்” என்பது மட்டும் ஆணவமன்று. “நான் ஒன்றுக்கும் உதவாதவன், என் நிலை ஒருவருக்கும் தெரியக்கூடாது” என்று ஒளிவதும் அந்த ‘நான்’ என்பதன் மற்றொரு முகமே.

எனவே தேய்க்கும் வேலை தொடங்கவேண்டும். முதலில் பெற்றோரிடம் உண்மை சொல்லப்படவேண்டும். தவறிய பாடங்கள் எவை, மீள்பரீட்சை எப்போது, எத்தனை முறை தோற்றலாம் என்பவற்றைப் பீடக் கைந்நூலிற் பார்த்து எழுதிக்கொள்ளவேண்டும். விரிவுரையாளரையும் மாணவ ஆலோசகரையும் சந்திக்கவேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளிற் பிடிக்க முனையாது, நாள்தோறும் குறித்த நேரத்தில் ஒரு பகுதியைக் கற்கவேண்டும். நித்திய பூசை போன்றது அது, சிறிதாயினும் தவறக்கூடாது. ஊணும் உறக்கமும் கெட்டு மனம் சோர்ந்திருப்பின் வைத்தியரை நாடுவதில் இழுக்கில்லை. நேர்த்தி வைப்பது மனத்துக்கு உறுதி தரும். வாசிக்காத பாடத்தை அது வாசித்துத் தராது. அப்பாடம் தனக்கு உகந்ததன்று என்று தெளிந்து வேறு துறைக்கு மாறுவதும் தோல்வியன்று.

வீட்டாருக்கும் ஊராருக்கும் ஒரு கடமை உண்டு. சமணஞ் சார்ந்திருந்த மருணீக்கியார் சூலைநோயால் வருந்தித் தமக்கையாருக்கு ஆளனுப்பினார். திலகவதியார் அங்கு செல்ல இசையவில்லை. தம்பியாரே இரவில் நடந்து வந்து அடிபணிந்தபோது, பழையவற்றைச் சொல்லிக் கடியாமல் திருநீறு அளித்துத் திருவதிகை வீரட்டானத்திற்கு அழைத்துச் சென்றார். அவரே பின்னர் திருநாவுக்கரசர் ஆனார். நடந்து வரவேண்டியது தம்பியின் பொறுப்பு. கதவைத் திறந்து வைத்திருப்பது தமக்கையின் அன்பு. இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் மீட்சி அரிது.

இம்முறை திருவிழாவில் ஒதுங்கி நிற்கும் பிள்ளையைக் காணின், எத்தனையாம் வருடம் என்று கேளாது, “சாப்பிட்டியோ தம்பி, வா, வடம் பிடிப்பம்” என்று அழைப்போமாக. இடையில் நின்ற தேரும் பலர் கைகொடுக்க மீண்டும் அசைந்து இருப்பிடம் சேர்கின்றது. எல்லாம் வல்ல இறைவன் திருவருள் நம் பிள்ளைகள் அனைவருக்கும் துணைநிற்பதாக.