செத்தவனைச் சுடுவது பாவமா?

கந்தசஷ்டி முடிந்த மறுவாரம், பல்லரோ சந்தைக்கு அண்மையில் வசிக்கும் ஒரு குடும்பத்தாரின் வரிக் கடதாசிகளைப் பார்த்துக் கொடுப்பதற்காக அவர்களது வீட்டிற்குச் சென்றிருந்தோம். தாயார் தேநீர் போடுகிறார். தகப்பனார் எம்முடன் மேசையில் இருக்கிறார், ஆனால் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டபடி. காரணம் பிறகுதான் விளங்கிற்று. எமக்குப் பின்னால் பத்து வயது மகன் ரீவியில் விளையாடுகிறான். அறை முழுவதும் துப்பாக்கிச் சத்தம்.

அவன் விளையாடியது ‘மெட்டல் ஸ்லக் 3’. ஜப்பானின் எஸ்.என்.கே. நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட பழைய விளையாட்டு. இன்றைய கருவிகளிலும் அது கிடைக்கிறது. கையால் வரைந்த கார்ட்டூன் போன்ற படம்; வீரன் இடமிருந்து வலமாகச் சுட்டுக்கொண்டே ஓடவேண்டும். இரண்டாம் கட்டத்திலே ‘சொம்பி’கள் வருகின்றன. செத்தும் எழுந்து நடக்கும் உடல்கள். அவற்றுள் சாதாரண உடுப்புப் போட்டவர்களும் உண்டு.

“தம்பி, இத்தனை பேரைச் சுடுறியே, பாவம் இல்லையோ?” என்று பகிடியாகத்தான் கேட்டோம்.

அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல், “இல்லை மாமா, அவை ஏற்கெனவே செத்த ஆக்கள்” என்றான்.

அந்தப் பதில் எம்மை விட்டுப் போகவில்லை. பலெர்மோப் பிள்ளை ஒருவன் இப்படிச் சொல்வது இன்னும் விசித்திரம். இந்நகரத்திலே நவம்பர் 2ஆம் திகதி இறந்தோர் நாள். முதல்நாள் இரவு குடும்பத்தில் இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருட்களும் சீனியிற் செய்த பொம்மைகளும் வைத்துவிட்டுப் போவார்கள் என்பது சிசிலியர்களின் பழைய வழக்கம். வகுப்புத் தோழர்களுக்குக் கிடைப்பது தனக்கும் வேண்டுமென்று இவன் அழுததால், எம்மவரான அந்தப் பெற்றோரும் அன்றிரவு இந்த விளையாட்டை வாங்கித் தலையணைக்கு அருகில் வைத்தார்களாம். அதாவது, செத்தவர்களைச் சுடும் விளையாட்டைச் செத்தவர்களே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள்! ஆடி அமாவாசைக்குத் தகப்பனை நினைத்து விரதமிருந்து, காகத்துக்குச் சோறு வைத்துவிட்டு உண்ணும் எமக்கும் இறந்தவர் பகைவர் அல்லர். கப்புச்சின் துறவிகளின் நிலவறையிலே, ஆயிரக்கணக்கான உடல்கள் உடுப்பு உடுத்தியபடி சுவரோரம் நிற்பதைப் பார்க்க இவ்வூரார் பிள்ளைகளையும் கூட்டிச் செல்கிறார்கள். அங்கே எவரும் துவக்கைத் தேடுவதில்லை.

அப்படியானால் இந்தச் சொம்பி எங்கிருந்து வந்தது? கரிபியக் கடற்பகுதியில் உள்ள ஹெயிட்டியிலிருந்து. பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் ஆபிரிக்க அடிமைகள் மாண்டு மடிந்த தேசம் அது. செத்த பின்பும் மந்திரவாதி ஒருவன் உடலை எழுப்பி, சித்தம் இல்லாமல் வேலை வாங்குவான் என்பது அம்மக்களின் நம்பிக்கை. சாவிலும் விடுதலை கிடையாது என்ற பயம். அங்கே சொம்பி இரங்கத்தக்கவன். திரைப்படக்காரர் கைக்கு வந்தபின் அவன் சுடத்தக்கவன் ஆனான்.

இனி எமது தொழிலோடு சேர்ந்த ஓர் உதாரணம். கணக்குப் புத்தகத்தில் ஒரு தொகையை ஒரு தலைப்பின் கீழிருந்து எடுத்து வேறு தலைப்பின் கீழ் எழுதினால் தொகை மாறாது. ஆனால் பார்ப்பவரின் பார்வை மாறும். 1997இல் ‘கார்மகெடன்’ என்ற விளையாட்டு வந்தது. தெருவிற் போகும் மனிதர்களைக் காரால் மோதிப் புள்ளி எடுக்கவேண்டும். பிரித்தானியத் தணிக்கைச் சபை சான்றிதழ் கொடுக்க மறுத்தது. தயாரித்தவர்கள் என்ன செய்தார்கள்? மனிதர்களைச் சொம்பிகளாக்கி, இரத்தத்தின் நிறத்தைச் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாற்றினார்கள். விளையாட்டு கடைக்கு வந்துவிட்டது! ஜெர்மனியிலோ அவர்கள் இயந்திர மனிதர்கள் ஆனார்கள். அதே தெரு, அதே கார், அதே மோதல். தலைப்பு மட்டும் வேறு. (பின்னர் மேன்முறையீட்டில் பிரித்தானியாவிலும் மனிதர்களே திரும்பி வந்தார்கள் என்பது வேறு கதை.)

“விளையாட்டுத்தானே, இதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி?” என்று சிலர் கேட்கலாம். நியாயமே. பொத்தானை அழுத்துகிற பிள்ளை கொலைகாரன் ஆகிவிடுவான் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்களோடு எமக்கு உடன்பாடும் இல்லை. சூரன்போரிலே தலை தலையாக விழுவதைப் பிள்ளையைத் தோளில் ஏற்றிக் காட்டுபவர்கள்தாமே நாம்! ஆனால் அந்தக் கதையிலே சூரனுக்குப் பெயர் உண்டு, பேச்சு உண்டு, தம்பிமார் உண்டு. கடைசியில் அவன் மயிலும் சேவலுமாக முருகனுடனேயே இருக்கிறான். சொம்பிக்கோ பெயர் இல்லை. அவனைச் சொம்பி என்று அழைத்தவுடனேயே கணக்கு முடிந்துவிடுகிறது.

எம்மைப் போன்ற அகதிகளுக்கு இது வெறும் தத்துவக் கேள்வி அல்ல. ஒரு மனிதனைக் கொல்வதற்கு முன்னர் அவனுக்கு ஒரு பெயர் வைக்கப்படும் என்பதை நாம் அறிவோம். வெளியார் எமக்கு வைத்த பெயர் ‘பயங்கரவாதி’. எம்மவர் எம்மவருக்கே வைத்த பெயர் ‘துரோகி’. இரண்டாவதைப் பற்றி நாம் கூடுமிடங்களில் அதிகம் பேசுவதில்லை; பேசவேண்டும். அந்தப் பெயர் சூட்டப்பட்டவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாலும் ‘ஏற்கெனவே செத்த ஆள்’தான். 1968இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘நைட் ஒஃப் தி லிவிங் டெட்’ என்ற படத்தின் முடிவு இதுவே. இரவு முழுவதும் பிணங்களுடன் போராடித் தப்பிய ஒரேயொரு மனிதனை, விடிந்தபின் காப்பாற்ற வந்தவர்களே பிணமென்று நினைத்துச் சுட்டுவிடுகிறார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

சிறுவனின் விளையாட்டிலே இன்னொன்றையும் கவனித்தோம். வழியிலே நீண்ட தாடியுடன் கைதிகள் கட்டப்பட்டிருக்கிறார்கள். அவர்கள்மீது சூடு பட்டால் சாகமாட்டார்கள். கட்டு அவிழும், எழுந்து பரிசும் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். எவ்வளவு புத்தியுள்ள குண்டு! 2009இல் வன்னியிலே, பாதுகாப்பு வலயம் என்று அரசாங்கமே அறிவித்த நிலத்தில் விழுந்த ஷெல்களுக்கு அந்த அறிவு இருக்கவில்லை. கதிரையைத் திருப்பிப் போட்டிருந்த அந்தத் தகப்பனார் அங்கிருந்து வந்தவர். மகனிடம் அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

“ஏன் சொல்லேல்லை?” என்று மெல்லக் கேட்டோம். “சொன்னா அவன் விளையாடமாட்டான். விளையாடட்டும் எண்டுதான் இஞ்ச கொண்டு வந்தனான்” என்றார். இதற்கு எம்மிடம் பதில் இருக்கவில்லை. விளையாட்டை நிறுத்தச் சொல்ல எமக்கு என்ன உரிமை? எனினும், ‘அவை செத்த ஆக்கள்’ என்று அவன் சொல்லும்போது, ‘ஆர் சொன்னது?’ என்று ஒருவராவது கேட்கவேண்டும் என்பதே எமது எண்ணம். தகப்பன் கேட்டால் நல்லது. அவரால் முடியாவிட்டால் மாமாமார் கேட்கலாம்.

கடதாசி வேலை முடிந்ததும் சிறுவன் மற்றக் கருவியை எமது கையில் திணித்தான். எமக்கு ஓடவும் தெரியாது, குதிக்கவும் தெரியாது. இரண்டு நிமிடத்தில் ஒரு சொம்பி எம்மீது எதையோ கக்கிற்று. எமது வீரன் நிறம் மாறி, கால் இழுபட, தள்ளாடி நடக்கத் தொடங்கினான். நாமும் சொம்பி! ஆனால் ஆட்டம் முடியவில்லை. பொத்தானை அழுத்தினால் அவன் இன்னும் எமது சொற்கேட்கிறான்.

“அப்ப எங்களையும் சுடப்போறியோ?” என்றோம்.

“உங்களையோ? இல்லை மாமா, அது நீங்கள்தானே” என்றான் அவன். “முன்னுக்கு ஒரு மருந்துப்பெட்டி இருக்கு, எடுத்தாப் பழையபடி மனுசனா வருவீங்கள். மெதுவா வாங்கோ, நான் நிக்கிறன்.”

அப்போதுதான் அவனது தகப்பனார் கதிரையைத் திருப்பினார்.