அறிவின் மேலும் ஓர் ஈடு உண்டு



பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தைப் பார்த்திருப்பீர்கள். 2005ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அது, நாட்டு வளங்களின் பெறுமதியைக் கூட்டுவதையும் சுயமாகத் தொழில் தொடங்குவோரை உருவாக்குவதையும் நோக்கமாகக் கொண்டது. தேயிலைத் தொழில்நுட்பமும் அங்கே ஒரு பாடம்.

நாளை நம் பிள்ளை ஒருவர் அத்தகைய பல்கலைக்கழகத்தில் படித்து, தேயிலையிலிருந்து புதிய பொருள் ஒன்றைக் கண்டுபிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதைச் செய்து விற்க ஒரு கம்பனியும் தொடங்குகிறார். அந்த அறிவு யாருக்குச் சொந்தம்? கண்டுபிடித்தவருக்கா? பல்கலைக்கழகத்துக்கா? பணம் போட்டவருக்கா? கொழுந்து பறித்த தாய்க்கு அதில் பங்கே கிடையாதா?

இத்தகைய கம்பனிகள் இன்று உலகெங்கும் பிறக்கின்றன. ஆய்வுகூடத்தில் ஓர் உண்மை வெளிப்படுகிறது. பல்கலைக்கழகம் அதற்கு ஆக்கவுரிமை பெறுகிறது. ஆசிரியரோ மாணவரோ அதைப் பயன்படுத்த அனுமதி பெற்று, சிறியதோர் அறையில் தொழிலைத் தொடங்குகிறார். சில ஆண்டுகள் செலவுதான், வரவு இராது. அப்போதுதான் வெளியார் பணம் வருகிறது. பணத்தோடு பணம் போட்டவருடைய விருப்பமும் வருகிறது.

கம்பனி என்றாலே தீமை என்று சொல்வதற்கில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் தோழர்களும், கம்பி இழுக்காமலே கிராமங்களுக்குக் குறைந்த செலவில் தொலைபேசி கொடுக்க வழி தேடினார்கள். 1990களில் அவர்களது பழைய மாணவர்கள் தொடங்கிய மைடாஸ் என்ற கம்பனி அந்த முயற்சியில் கைகொடுத்தது. பின்னர் கைத்தொலைபேசி வந்து அதை முந்திக்கொண்டது. ஆனால், ஏழையின் தேவையிலிருந்தும் ஒரு கம்பனி பிறக்கலாம் என்பதற்கு அது சாட்சி.

இன்சுலினின் கதை இன்னும் ஆழமானது. 1921இல் கனடாவின் டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் அந்த ஆய்வு தொடங்கியது. 1923இல் பான்டிங், பெஸ்ட், கொலிப் ஆகிய மூவரும் தங்கள் ஆக்கவுரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள். பல்கலைக்கழகத்தின் கொனோட் ஆய்வுகூடம் மருந்தைச் செய்தது. அது போதாமல் அமெரிக்கக் கம்பனி ஒன்றுக்கும் அனுமதி அளிக்கப்பட்டது. அந்தக் கம்பனி இல்லாமல் மருந்து அத்தனை விரைவில் பரவியிராது. ஆயினும் பிற்காலத்தில் புதுப்புது வகைகளும் புதுப்புது ஆக்கவுரிமைகளும் தோன்றி, அமெரிக்காவில் விலை ஏறியது. காசில்லாமல் மருந்தைக் குறைத்துப் போட்டுக்கொண்ட நோயாளரும் உண்டு. ஒரு டொலருக்குக் கொடுத்தவர்களின் நல்ல மனது, கம்பனிகள் வளர வளரத் தானாக உடன் வரவில்லை.

நம் மலைநாட்டையே பாருங்கள். தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் 1925இல் அமைக்கப்பட்டது. தேயிலை ஏற்றுமதியின் மீது அறவிட்ட செஸ் வரியில்தான் அது வளர்ந்தது. நாம் ‘வீ.பீ. தேயிலை’ என்கிறோமே, அந்த நல்ல இனங்கள் பல அங்கே தெரிந்தெடுக்கப்பட்டவை. விளைச்சல் கூடியது. செஸ் வரிக்கு ஆதாரமான கொழுந்தைப் பறித்தவரின் லயம் அதே அளவுக்கு மாறியதா? பதிலை நீங்களே அறிவீர்கள்.

திருச்சபை இதைப் பற்றி மௌனமாக இல்லை. பாப்பரசர் புனித இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1987இல் வெளியிட்ட சுற்றுமடலில், சொத்தின் மேல் சமுதாயத்துக்கு ஓர் ஈடு இருக்கிறது என்று கற்பித்தார். ஈடு வைத்த காணியின் உறுதியில் நம் பெயர் இருக்கலாம். ஆனால் கடன் கொடுத்தவரின் உரிமை அதன்மேல் நிற்கிறது. 1991இல் அவரே, அறிவும் தொழில்நுட்பமும் நிலத்துக்குக் குறையாத சொத்து என்றும் எழுதினார். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: அறிவின் மேலும் ஓர் ஈடு உண்டு.

“அப்படியானால் கண்டுபிடித்தவர் பட்டினி கிடப்பதா?” என்று கேட்பீர்கள். மத்தேயு நற்செய்தி பத்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இலவசமாய்ப் பெற்றதை இலவசமாய்க் கொடுக்கும்படி ஆண்டவர் சீடரைப் பணிக்கிறார். ஒரு வசனம் கடந்ததும், வேலையாள் தன் உணவுக்கு உரிமையுள்ளவன் என்கிறார். உழைப்புக்கு ஊதியம் நியாயம். பெற்ற கொடையைப் பூட்டி வைத்துக்கொள்வதே அநியாயம்.

பெற்றோரே, இந்நாட்டில் அரச பல்கலைக்கழகக் கல்வி இலவசம் என்கிறோம். உண்மையில் அது எவரோ செலுத்திய வரி. லயத்தில் இருப்பவரும் கடைச் சாமான் வாங்கும்போது அதில் ஒரு பங்கைச் செலுத்துகிறார். உங்கள் பிள்ளை பட்டம் பெற்று வரும் நாளில் பெருமைப்படுங்கள். கம்பனி தொடங்கினால் ஆசீர்வதியுங்கள். அத்துடன் ஒரு கேள்வியையும் அன்போடு கேளுங்கள்: “மகனே, மகளே, உன் பொருளின் விலையை எழுதும்போது, உனக்காகப் பணம் கட்டியவர் அதை வாங்கக் கூடுமா என்று பார்த்தாயா?”

கம்பனி சிறியதாய் இருக்கும்போதே இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். வளர்ந்த பின்பு கேட்க, அந்த மேசையில் நமக்கு இடம் இராது.